தன் பிழைக்குத் தானே சாட்சி

சில நாட்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். படிப்பைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர், விடைபெற்றுப் படியிறங்கும்போது திரும்பி நின்று, "அரசியலிற் புகுந்த ஒருவன் நேர்மை குன்றாமல் வாழ முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்பது அவருடைய தந்தையாரின் கட்சியாம். முடியும் என்பது ஆசிரியரின் கட்சியாம். இருவரும் அவர் மதிக்கும் பெரியவர்கள். யார் சொல்லை நம்புவதென்று அவருக்கு விளங்கவில்லை.

நாம் அப்போது விடை கூறவில்லை. "முடியும்" என்று ஒரு சொல்லிற் சொல்லிவிடுவது எளிது. அச்சொல்லைத் தாங்கி நிற்பதற்கு ஒரு வாழ்க்கை வேண்டும். அத்தகைய வாழ்க்கை ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்து இவ்வாரம் வாசகர்முன் வைக்கின்றோம். தீர்ப்பை அவர்களே கூறட்டும்.

தியோடர் ரூஸ்வெல்ட் என்னும் பெயரை நம்மவர் பலர் அறிவர். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட் அல்லர் இவர். அவருக்கு முந்தியவர், தூரத்து உறவினர். 1858ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்துச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறுபிராயத்தில் தொய்வு நோயினால் இரவெல்லாம் மூச்சுக்குத் திணறியவர். மகனை மடியிற் சுமந்து உலாவி, தேகப்பயிற்சி செய்யவும் கற்பித்து வளர்த்தவர் தந்தையார். அவரும் தியோடர் என்ற பெயருடையவரே; ஏழைச் சிறுவர்களுக்கு உதவுவதில் பேர்போனவர்.

1877இல் ஜனாதிபதி ஹேய்ஸ் அத்தந்தையாரை நியூயோர்க் துறைமுகத்துச் சுங்க அதிபராக நியமிக்க விரும்பினார். அக்காலத்தில் அந்தச் சுங்கச்சாலை கட்சித் தலைவர்களின் பொற்களஞ்சியமாக இருந்தது. தம் ஆட்களுக்கு உத்தியோகம் வழங்கவும், அவர்கள் சம்பளத்திற் கட்சிக்குப் பங்கு அறவிடவும் அது பயன்பட்டது. அங்கே ஒரு நேர்மையாளர் வந்து அமர்வதை அவர்கள் பொறுப்பார்களா? செனற் சபையில் அந்நியமனத்தைத் தோற்கடித்தனர். இரண்டு மாதங்களில் தந்தையார் நோய்வாய்ப்பட்டு இறந்தார். அப்போது மகனுக்கு வயது பத்தொன்பது. தம் தந்தையாரைப் போன்ற ஒருவருக்கு அரசியலில் இடமில்லை என்ற செய்தி அந்த இளைஞனின் உள்ளத்தில் எவ்வாறு பதிந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஹாவார்ட் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய ரூஸ்வெல்ட், குடியரசுக் கட்சியின் வட்டாரச் சங்கத்திற் சேர விரும்பினார். அச்சங்கம் கூடியது ஒரு மதுச்சாலைக்கு மேலேயிருந்த மண்டபத்தில். செய்தி கேட்ட உறவினரும் நண்பரும் நகைத்தனர். "அரசியல் இழிந்த தொழில், மதுச்சாலைக்காரரும் குதிரை வண்டிக்காரரும் புழங்குமிடம், நம்மைப்போன்ற கனவான்களுக்கு அங்கே என்ன வேலை?" என்பது அவர்கள் கேள்வியின் சாரம். இக்கேள்வியை நம் வீட்டுத் திண்ணைகளிலும் நாம் கேட்டதில்லையா? ரூஸ்வெல்ட் கூறிய விடை சுருக்கமானது: அப்படியானால் நாட்டை ஆள்பவர்கள் அவர்களே, நாம் அல்லோம் என்றாகிறது, ஆள்வோருள் ஒருவனாக இருக்கவே நான் விரும்புகிறேன் என்றார்.

1881 நவம்பரில் நியூயோர்க் மாநிலச் சட்டசபைக்கு அவர் தெரிவானார். வயது இருபத்துமூன்று. சபையிலிருந்த 128 அங்கத்தவருள் அவரே இளையவர்.

சபை இருந்த சீர்

மாநிலத் தலைநகராகிய அல்பனியில் 1882 ஜனவரியிற் சபை கூடியது. மூக்கைக் கவ்விய கண்ணாடியும் நாகரிக உடையும் கீச்சுக் குரலுமாக வந்த இளைஞனைக் கண்டு பழந்தின்று கொட்டை போட்டவர்கள் சிரித்தனர். சிரிப்பவர் சிரிக்க, அவர் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கத்தவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் விலைக்கு வாங்கத்தக்கவர் என்று பின்னாளிற் கணக்கிட்டு எழுதினார்.

விலை எவ்வாறு பேசப்பட்டது என்பதை அறிந்தால் வாசகர் வியப்பர். கம்பனிகள் இலஞ்சங் கொடுத்துத் தமக்கு வேண்டிய சட்டங்களைப் பெற்றன என்பது நாம் எதிர்பார்க்கும் கதையே. மறுபுறமும் ஒன்றிருந்தது. ஒரு கம்பனிக்குப் பெருநட்டம் விளைக்கும் மசோதா ஒன்றை அங்கத்தவர் ஒருவர் கொண்டுவருவார். பொதுமக்கள் நன்மைக்காகவே அதைக் கொண்டுவந்ததாக முழங்குவார். இரவில் கம்பனியின் ஆள் வந்து அவரைக் காண்பான். மறுநாள் அம்மசோதா உறங்கிவிடும். நிறைவேறுவதற்கன்று, நிறைவேறாமல் விடுவதற்கு விலை பெறவே பிறந்த மசோதாக்கள் அவை! நியாயமான மசோதாக்களுங்கூடக் கப்பம் கட்டினாலன்றிக் குழுவைத் தாண்டமாட்டா.

ஒருமுறை அத்தகைய குழுவொன்றில் ரூஸ்வெல்ட் இருந்தார். புகையிரதக் கம்பனியொன்று கேட்ட நியாயமான வசதிக்குரிய மசோதா அவர் பொறுப்பில் இருந்தது. பணம் கைமாறலாகாது என்ற நிபந்தனையோடு அவர் அதை ஏற்றிருந்தார். குழுவினர் பெரும்பாலார் அதை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தனர். ரூஸ்வெல்ட் எழுந்து, "இதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்; எப்படியும் சபைக்குக் கொண்டுபோவேன்" என்றார். கைகலப்பு நேருமென்று முன்னரே அறிந்து, அறையிற் கிடந்த உடைந்த கதிரையொன்றின் காலைக் கழற்றித் தம் அருகே மறைத்து வைத்திருந்தாராம்! அடிதடி நேரவில்லை. ஆனால் பின்னர் அம்மசோதா, "அனுபவம் மிக்க" வேறொருவர் கைக்கு மாற்றப்பட்டு இலகுவாக நிறைவேறியது. அந்த அனுபவம் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் நன்று. ரூஸ்வெல்ட் தனியாக நிற்கவில்லை. மலைநாட்டுச் சந்தியொன்றிற் சிறுகடை வைத்திருந்த வில்லியம் ஓநீல் என்பவரும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த மைக் கொஸ்ரெல்லோ என்பவரும் அவருக்குத் தோள் கொடுத்தனர். மாளிகையிற் பிறந்தவரும் கடைக்காரரும் அயர்லாந்து வழிவந்த எதிர்க்கட்சிக்காரரும் ஒரே பக்கத்தில் நின்றனர். நல்லவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்ளாத இடத்தில் நேர்மை வெறும் பெருமூச்சாக முடிந்துவிடும்.

நீதிபதியும் கோடீசுவரரும்

அக்காலத்து அமெரிக்காவில் ஜே கூல்ட் என்னும் பெயர் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது. புகையிரதங்கள், தந்திக் கம்பனி, பத்திரிகை எனப் பலவற்றைக் கையில் வைத்திருந்த கோடீசுவரர் அவர். நியூயோர்க் நகரத் தெருக்களுக்கு மேலே தூண்களின்மீது ஓடிய உயர்மட்டப் புகையிரதத்தின்மேல் அவர் கண் விழுந்தது. 1881இல் மாநிலச் சட்டமா அதிபர் அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தார். வழக்கை விசாரித்த நீதிபதி வெஸ்ட்புறூக், கம்பனி நிலைகுலைந்து போயிற்று என்னுங் கருத்துப்படப் பேசினார். பங்குகளின் விலை வீழ்ந்தது. வீழ்ந்த விலைக்குக் கூல்ட்டும் கூட்டாளிகளும் பங்குகளை வாங்கிக் குவித்தனர். அதன்பின் அதே நீதிபதியின் கட்டளைகள் கம்பனியை அவர்கள் கையிற் பத்திரமாக ஒப்படைத்தன. நீதிபதி ஒருமுறை கூல்ட்டின் சொந்த அலுவலகத்திலேயே நீதிமன்றத்தைக் கூட்டினார் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்தது.

'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை அவ்வாண்டின் இறுதியில் இவற்றை வெளியிட்டது. ஊரெல்லாம் வாசித்தது, ஒருவரும் எழவில்லை. ரூஸ்வெல்ட் அப்பத்திரிகை அலுவலகத்துக்கே சென்று கடிதங்களையும் பத்திரங்களையும் தம் கண்ணாற் பார்த்தார். கூல்ட்டின் பெருஞ்சொத்துக்களைக் காப்பதற்குத் தம் அதிகாரத்தின் எல்லைவரை செல்ல ஆயத்தம் என்னும் பொருள்பட நீதிபதி எழுதியிருந்த கடிதமும் அவற்றுள் ஒன்று.

1882 மார்ச் 29ஆந் திகதி, நீதிபதியையும் சட்டமா அதிபரையும் விசாரிக்க வேண்டுமென்ற பிரேரணையை அவர் சபையிற் கொணர்ந்தார். அடுத்த வாரம் அதன்மீது பேசினார். அல்பனியில் எவரும் உரக்கச் சொல்லத் துணியாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்த செயலையும் சொன்னார். எழுபது வயது கடந்த முதுபெரும் அங்கத்தவர் ஒருவர் எழுந்து, இளமையின் அவசரத்தால் எத்தனை பேருடைய நற்பெயர் வீணே கெட்டிருக்கிறது என்று மெல்ல மெல்ல உபதேசித்தார். நேரம் முடியும்வரை உபதேசித்தார். அன்று வாக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆனால் மறுநாட் பத்திரிகைகள் இளைஞனைப் போற்றின. தொகுதிகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. ஏப்ரல் 12ஆந் திகதி, 104 வாக்குகள் சார்பாகவும் 6 மட்டுமே எதிராகவும் பிரேரணை நிறைவேறியது. நேற்றுச் சிரித்தவர்களே இன்று வாக்களித்தனர்!

அன்பர் அளித்த விருந்து

இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை ரூஸ்வெல்ட் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

குடும்ப நண்பரும் பெயர்பெற்ற வழக்கறிஞருமான முதியவர் ஒருவர் அவரை மதிய உணவுக்கு அழைத்தார். மிரட்டவில்லை, பணப்பையை நீட்டவில்லை. பாராட்டினார். சீர்திருத்தம் பேசியது நல்லதே, அதனாற் பெயரும் கிடைத்தது என்றார். ஆனால் போதும், இதற்குமேல் ஆட வேண்டாம். இனி அரசியலை விட்டு, என்றும் உலகை நடத்துகின்ற தக்கவர்களோடு சேர்ந்து வாழ்க்கையில் முன்னேறுக என்றார். அரசியற் கும்பலுக்கு அடங்கிப்போகச் சொல்கிறீர்களா என்று இளைஞன் கேட்டான். பெரியவர் பொறுமையிழந்தார். கும்பல் என்பது நாலு கட்சிக்காரர் மட்டுமன்று. பெருவணிகரும் வழக்கறிஞரும் நீதிபதிகளும் அதில் உள்ளனர் என்று விளக்கினார். வணிகமும் அரசியலும் கைகோத்து நடப்பதைத் தாம் முதன்முதலிற் கண்டது அந்த உணவு மேசையிலேதான் என்கிறார் ரூஸ்வெல்ட்.

பகைவன் நீட்டும் இலஞ்சத்தை அடையாளங் காண்பது எளிது. அன்பர் ஊட்டும் அறிவுரையில் அதே சரக்கு இருக்கும்போது கண்டுகொள்வது அரிது. நம் பிள்ளைகளுக்கு நாம் கூறும் "உனக்கேன் வீண்வம்பு" என்னும் உபதேசத்தையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.

ரூஸ்வெல்ட் விலகவில்லை. ஆயினும் வெற்றி அவருக்குக் கிட்டவில்லை. விசாரணைக் குழு வாரக்கணக்கிற் சாட்சியங் கேட்டது. மே மாத முடிவில், நீதிபதியைப் பதவி நீக்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மை அறிக்கை வந்தது. இறுதி வேளையில் குழுவினர் மூவரின் மனம் மாறியதென்றும், அம்மாற்றத்தின் விலை தலைக்கு 2,500 டொலர் என்றும் பேசப்பட்டது. சட்டசபை அங்கத்தவரின் ஆண்டுச் சம்பளமோ 1,500 டொலர். ரூஸ்வெல்ட் மீண்டும் எழுந்து மன்றாடினார். மே 31ஆந் திகதி 77க்கு 35 என்ற வாக்குகளால் அறிக்கை ஏற்கப்பட்டது. நீதிபதி 1885இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

எனினும் மக்கள் வேறொரு தீர்ப்பு எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க் எங்கும் குடியரசுக் கட்சி பெருந்தோல்வி அடைந்தபோதும், அக்கட்சிக்காரராகிய ரூஸ்வெல்ட் பெருவாரியான வாக்குகளால் மீண்டும் தெரிவானார்.

கோபத்தின் விலை

இத்துடன் கதையை முடித்தால் அழகாயிருக்கும், உண்மையாயிராது.

1883இல் உயர்மட்டப் புகையிரதக் கட்டணத்தைப் பத்துச் சதத்திலிருந்து ஐந்து சதமாகக் குறைக்கும் மசோதா சபைக்கு வந்தது. உழைப்பாளர் யாவரும் அதை விரும்பினர். கூல்ட்டுக்கு அது பேரிடி. ரூஸ்வெல்ட் மகிழ்ச்சியோடு வாக்களித்தார். மசோதா நிறைவேறியது. கவர்னர் குரோவர் கிளீவ்லண்ட் கையொப்பமிட மறுத்துவிட்டார். பத்துச் சதம் அறவிடலாமென்று சட்டத்தின் மூலம் முன்னர் வாக்களித்தது மாநிலம்; கொடுத்த வாக்கை மாநிலமே மீறலாகாது, பெற்றவர் எத்தகையவராயினும் வாக்கு வாக்கே என்பது அவர் வாதம். கிளீவ்லண்ட் எதிர்க்கட்சிக்காரர்.

ரூஸ்வெல்ட் சபையில் எழுந்தார். கவர்னர் கூறுவதே சரி என்றார். அம்மட்டோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. தாம் வாக்களித்தபோதே அது தவறென்று ஐயுற்றதாகவும், கூல்ட் கூட்டத்தார்மீது கொண்ட பழிவாங்கும் எண்ணமும், மக்களின் ஆரவாரத்துக்கு இணங்கிய பலவீனமுமே தம்மை அவ்வாறு செய்வித்தனவென்றும் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். தம் வாக்கை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார். அவரைப் போற்றிய பத்திரிகைகளிற் சில அவரை எள்ளி நகையாடின.

நீதிபதியை எதிர்த்துப் பேசிய அந்த ஏப்ரல் நாளைக் காட்டிலும் இந்நாளையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். அன்று சபை எதிர்த்தாலும் ஊர் அவரோடு இருந்தது. இன்று ஊருமில்லை. பிறர் களவைக் கண்டு கொதிப்பவன் நேர்மையாளன் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அக்கொதிப்புத் தன்னையே தவறச் செய்யும்போது, அதனைக் கண்டு சொல்லத் துணிகிறானா என்பதே உரைகல்.

தம் கருத்துத் தவறென்று கண்டால் மாறத் தயங்காத இயல்பு வேறொரு விடயத்திலும் வெளிப்பட்டது. நியூயோர்க் நகரத்துக் குடியிருப்புகளில் ஏழைகள் தம் வீட்டறைகளிலேயே சுருட்டுச் செய்வதைத் தடுக்கும் மசோதா வந்தபோது, அதை எதிர்க்கவே அவர் எண்ணியிருந்தார். தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கொம்பேர்ஸ், நேரிற் போய்ப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். அவரும் போனார். ஓரறையில் இரண்டு குடும்பங்கள். அழுக்குப் படுக்கையோரத்திலும், உணவு மிச்சம் கிடந்த மூலையிலும் புகையிலைக் குவியல். ஆண், பெண், குழந்தைகள் யாவரும் பகல் முழுவதும், இரவிலும் வெகுநேரம், சுருட்டுச் சுற்றினர். அங்கேயே உண்டு அங்கேயே உறங்கினர். சுருட்டுக் கொட்டில்களை அறிந்த நம் வாசகருக்கு அக்காட்சியின் கொடுமை தனியே விளங்கும். புகையிலையின் காரம் ஒருபோதும் நீங்காத அறையிற் கைக்குழந்தை உறங்குவதை எண்ணிப் பார்த்தாற் போதும். திரும்பி வந்த ரூஸ்வெல்ட் அம்மசோதாவின் தலையாய ஆதரவாளரானார். சட்டம் நிறைவேறியது. 1885இல் மேல்நீதிமன்றம் அது செல்லாதென்று தள்ளியது. வீடென்பதே இன்னதென்று அறியாத நீதிபதிகள் வீட்டின் புனிதத்தைப் பற்றித் தீர்ப்பெழுதினரே என்று அவர் பின்னாளில் மனம் வருந்தினார்.

மூன்றாம் ஆண்டு

1884 பெப்ரவரியில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாட்களின் பின், அம்மாதம் 14ஆந் திகதி, ஒரே வீட்டில், ஒரே நாளில் அவருடைய தாயாரும் இளம் மனைவியும் இறந்தனர். வயது இருபத்தைந்து. சில நாட்களுக்குள் அவர் அல்பனிக்குத் திரும்பினார். நியூயோர்க் நகரபிதா செய்யும் நியமனங்களுக்கு நகரசபை அங்கத்தினரின் சம்மதம் வேண்டும் என்ற விதி, அக்காலத்தில் உத்தியோக விலைபேசலுக்கு வாசலாக இருந்தது. அவ்வாசலை அடைக்கும் சட்டத்தை அவ்வசந்த காலத்திலேயே நிறைவேற்றினார். பரீட்சை வைத்துத் தகுதி பார்த்து அரசாங்க உத்தியோகம் வழங்கும் சட்டம் முந்திய ஆண்டே நிறைவேறியிருந்தது. அமெரிக்க மாநிலங்களுள் அதனை முதலில் ஏற்றது நியூயோர்க். தந்தையாரைத் தடுத்த சுவரிலிருந்து மகன் சில கற்களையாவது பெயர்த்துவிட்டார் எனலாம்.

அவர் குறையற்றவர் அல்லர். அவ்வாண்டு அவர் கட்சி, ஊழற் குற்றச்சாட்டுக்கு ஆளான ஜேம்ஸ் பிளெய்ன் என்பவரை ஜனாதிபதி அபேட்சகராகத் தெரிந்தது. மாநாட்டில் ரூஸ்வெல்ட் அதை வன்மையாக எதிர்த்தார். தோற்றபின் கட்சியை விட்டகலாது பிளெய்னையே ஆதரித்தார். சீர்திருத்த நண்பர் பலர் அதை மன்னிக்கவில்லை. கட்சிக்குள் நின்று போராடுவதே பயன் தரும் என்பது அவர் சமாதானம். அது விவேகமா, விட்டுக்கொடுப்பா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நாமும் முடிவு கூற முன்வரோம்.

பின்னர் அவர் நியூயோர்க்கின் கவர்னரானதும், 1901இல் நாற்பத்திரண்டு வயதில் அமெரிக்க ஜனாதிபதியானதும் யாவரும் அறிந்தவை. மறுவருடமே, பெருமுதலாளி மோர்கனும் கூட்டாளிகளும் அமைத்த மாபெரும் புகையிரதக் கம்பனிமீது அவர் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1904இல் உச்ச நீதிமன்றம் அக்கம்பனியைக் கலைக்கத் தீர்ப்பளித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் 77க்கு 35 என்று தோற்ற வழக்கின் மறுவிசாரணை போலவே அது நமக்குத் தோன்றுகிறது. இம்முறை கதிரைக் கால் தேவைப்படவில்லை, சட்டமே போதுமானதாயிருந்தது.

அன்று படியில் நின்று கேட்ட மாணவருக்கு இப்போது விடை கூறலாம். தம்பி, முடியும். ஆனால் கறை படியாமலே இருந்துவிடலாம் என்று எண்ணிப் போகாதே. தோல்வி வரும், அன்பர்கள் திரும்பிவரச் சொல்வர், நல்ல கோபமே உன்னைத் தவறான பக்கம் வாக்களிக்கச் செய்யும் நாளும் வரும். அந்நாளில் எழுந்து நின்று, "நான் பிழைசெய்தேன்" என்று சொல்லும் வலிமை உனக்கு உண்டாயின் நீ தாராளமாகப் போகலாம்.

அடுத்த முறை அவர் வரும்போது தந்தையாரையும் அழைத்துவருமாறு வேண்டிக்கொள்கிறோம். அவரோடும் பேச வேண்டியது நமக்குச் சிறிது உண்டு.